கூரைத் தண்ணீரும் காகிதக் கொடிகளும்

ஒக்டோபர் 7, திங்கள்

காலை ரயில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை நின்றபடியே. பிறகு கொட்டாஞ்சேனை பஸ். எட்டு ஐந்துக்கு நூலகத்தைத் திறந்தேன். முதல் ஆள் ஒன்பதுக்கு வந்தார். விளையாட்டுச் செய்தி வாசித்துவிட்டுப் போனார்.

தமிழ் சிறப்புப் பட்டம். தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் தற்காலிக நூலக உதவியாளன். இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்கிறேன். ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசுவதாக இல்லை.

பத்து மணிக்குக் கல்லூரி அதிபர் சந்திரகுமார் எல்லோரையும் கூப்பிட்டார். சுகாதாரப் பரிசோதகரின் கடிதம். பெண்கள் விடுதியில் தண்ணீர் போதாது. கடந்த மாசியில் ஆறு நாள் குளியலில்லை, மலசலகூடங்களைப் பூட்டி வைத்தார்கள் — எல்லாம் எழுதியிருந்தது. நவம்பர் 29 திரும்ப வருவார். அப்போதும் இப்படியே என்றால் ஆண்டு முடிவோடு விடுதியை மூடவேண்டும்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அநேகமாக மலையகம். கொழும்பில் அறை எடுத்துப் படிக்கக்கூடியவர்கள் அல்ல. விடுதி போனால் படிப்பும் போகும். அறையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "சேர், எங்கட கூரையில வருசத்துக்கு எவ்வளவு மழை விழுது எண்டு ஆராவது பாத்தனீங்களோ?"

றேணுகா மிஸ். குழாய் பொருத்தும் பாடநெறியின் போதனாசிரியர். முப்பது, முப்பத்தொன்று இருக்கும். இரண்டு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர் குரலை இன்றைக்குத்தான் முழு வாக்கியமாகக் கேட்டேன்.

அதிபர் சிரித்தார். "மழையைப் பிடிச்சு அடைக்கப் போறீங்களோ, மிஸ்?"

"ஓம், சேர்."

ஒக்டோபர் 9, புதன்

றேணுகா மிஸ் நூலகத்துக்கு வந்தார். புத்தகத்துக்கு அல்ல. கூரைக்கு ஏறும் கதவு எங்கள் கடைசி அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பூட்டுக்கான திறப்பு என் மேசை லாச்சியில்.

நானும் பின்னால் போனேன். ஏன்? வேறு வேலை இருக்கவில்லை.

நீளமான தகரக் கூரை, இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் ஓடும் பீலி. காகங்களின் வீட்டுச் சாமான்கள்: மீன்முள், கோழி எலும்பு, ஒரு பல்துலக்கி. அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.

அளவுநாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்தார். "நேராப் பிடியுங்கோ நவநீ. அது வயிறு விடுது." யாரும் என்னை நவநீதகிருஷ்ணன் என்று முழுதாகக் கூப்பிடுவதில்லை. அது பரவாயில்லை.

நானூறு சதுர மீற்றர்.

"ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தா நானூறு லீற்றர்" என்றார். "ஒரு மில்லிமீற்றர் எண்டுறது என்ன? நீங்கள் குடை விரிக்கிறதுக்கிடையில விழுறது."

மழையைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இந்தக் கணக்கை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒக்டோபர் 15, செவ்வாய்

நூலக யன்னலால் பின்வளவு தெரியும். மூன்று வருடமாக வெயில் காய்ந்துகொண்டிருந்த நாலு கறுப்புத் தாங்கிகள். ஒவ்வொன்றும் ஐயாயிரம் லீற்றர். எதற்கோ வாங்கி, எதற்கென்று மறந்துபோனவை. இன்றைக்கு அவற்றை உருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து ஒரு பூனைக் குடும்பம் இறங்கியது.

குழாய்ப் பாடம் எப்படி நடக்கும் என்று இப்போதுதான் தெரியும். பட்டறையில் ஒரு பயிற்சிச் சுவர் உண்டு. பிள்ளைகள் அதில் குழாய் பொருத்துவார்கள். பரீட்சைப் புள்ளி போட்டதும் வெட்டி எறிவார்கள். அடுத்த அணி அதே சுவரில். இருபது வருடமாக எந்தக் குழாயிலும் தண்ணீர் ஓடியதில்லை.

இந்த முறை சுவர் இல்லை. கூரையிலிருந்து தாங்கி வரைக்கும்தான் சோதனை. ஒவ்வொரு மூட்டிலும் பொருத்தியவர் மார்க்கரால் முதலெழுத்துப் போடவேண்டும்.

"ஏன் மிஸ்?" என்று ஒரு பையன்.

"கசியிற மூட்டுக்குப் பேர் இருக்க வேணும், தம்பி."

நான் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்கிறவன். எழுதியதை யாருக்கும் காட்டாதவன். யன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

அதிபருக்கும் றேணுகா மிஸ்ஸுக்கும் வாக்குவாதம். கடிதம் தட்டச்சு செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மொழியிலும் தட்டக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மிஸ் கேட்டது: மழைத் தண்ணீரை மலசலகூடங்களுக்குத் தனிக் குழாயில் விடவேண்டும். நகரக் குழாய்த் தண்ணீர் குளிக்க, குடிக்க. பிள்ளைகள் பாவிக்கும் தண்ணீரில் பெரிய பங்கு புளஷ் பண்ணவே போகிறது.

அதிபர்: "போன வருசம்தான் டைல்ஸ் பதிச்சது. உடைக்க விடமாட்டன். இருக்கிற மேல் தாங்கியோட சேர்த்துவிடுங்கோ. எல்லாம் தண்ணிதானே."

"எல்லாம் தண்ணிதான் சேர். ஆனா எல்லாம் ஒரு வேலைக்கில்லை."

"மிஸ், நேரமில்லை."

அவர் தோற்றார். வெளியே வந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அரைவாசி குடித்தார். "சரி. சேர்ப்பம்" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. நானென்றால் மூன்று நாள் அந்த வாக்குவாதத்தைத் தலைக்குள் திரும்பத் திரும்ப வென்றுகொண்டிருப்பேன்.

ஒக்டோபர் 28, திங்கள்

குழாய் கீழே வந்து சேர்ந்துவிட்டது. மழை இன்னும் இல்லை.

நவம்பர் 2, சனி

வந்தது. பதினொன்றரைக்கு.

முதல் மழைக்கென்று றேணுகா மிஸ் ஒரு முறை வைத்திருக்கிறார். காகம், தூசி, கார்ப் புகை — கூரையிலுள்ள அழுக்கெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் இறங்கும். அதைத் தாங்கிக்குள் விடக்கூடாது. குழாயில் ஒரு கைப்பிடி உண்டு. முதலில் சாக்கடைக் காணுக்குள் விடவேண்டும். பிறகு தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்க்கவேண்டும். தம்ளருக்குப் பின்னால் வைத்த விரலின் ரேகை தெரிந்தால் கைப்பிடியைத் தாங்கிப் பக்கம் திருப்பலாம்.

இதற்கு விடுதிப் பிள்ளைகளிடையே முறை போட்டாயிற்று. இன்றைய முறை சீதையுடையது. பொகவந்தலாவைப் பிள்ளை. குழாய்ப் பாடத்தில் இருக்கிற ஒரே பெண். தலையில் ஷொப்பிங் பை, கையில் தம்ளர். பரிசோதனைச்சாலை விஞ்ஞானி மாதிரி.

"சேர், இந்தாங்க, ஒங்க வெரலு தெரியுதா பாருங்க!"

தெரிந்தது. கைப்பிடி திரும்பியது. தாங்கியின் அடியில் முதல் தண்ணீர் விழுந்த சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். றேணுகா மிஸ் மட்டும் தட்டவில்லை. மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார்.

நவம்பர் 12, செவ்வாய்

மூன்றாவது தாங்கி கழுத்து வரை.

சவரம் செய்யும்போது குழாயை மூடினேன். லொட்ஜில் என் அறையில், யாரும் பார்க்காதபோது. இதை எழுதி வைப்பதில் கொஞ்சம் வெட்கம்.

நவம்பர் 22, வெள்ளி

மூன்று நாள் விடாத மழை. நாலும் நிரம்பி வழிகின்றன.

நாளை மறுநாள் ஒழுங்கை முனையிலுள்ள சவேரியார் கோவிலில் கொடியேற்றம். விடுதிப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே பாட்டுப் பாடப் போகிறார்கள். மற்றவர்கள் ஊருக்கு. றேணுகா மிஸ் முறையை நிறுத்திவிட்டார். "கூரை கழுவித்தானே கிடக்கு. கைப்பிடி தாங்கிப் பக்கமே கிடக்கட்டும். பாவிக்கப் பாவிக்க நிரம்பும். பிள்ளையளும் ரெண்டு நாள் ஆறட்டும்."

பரிசோதகர் வர ஒரு கிழமை. அதிபர் இன்றைக்கு றேணுகா மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். முதன்முறையாக, கேலியில்லாமல்.

நவம்பர் 23, சனி

அரைநாள். மூடும் நேரத்தில் றேணுகா மிஸ்ஸின் தம்பி றெஜி வந்தான். துறைமுகத்தில் வேலை. கோவில் வாலிபர் சபையில் சோடனைக்குப் பொறுப்பு.

"நவநீ அண்ணா, மேல ஏற ஒரு திறப்பு வேணும். வருசா வருசம் இங்கயிருந்துதானே ரோட்டுக்குக் குறுக்கால கொடி இழுக்கிறது."

ஓம். வருடா வருடம். கொடுத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் தெருவே மாறிவிட்டது. கிரேப் பேப்பரில் வெட்டிய முக்கோணக் கொடிகள், எல்லாம் சிவப்பு. கல்லூரிக் கூரையிலிருந்து எதிர் வீட்டு மாடிக்கு, அங்கிருந்து கோவில் கோபுரத்துக்கு. கூரையின் நீளத்துக்கு மட்டும் பத்து வரிசை. காற்றடிக்க எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. வாழைப்பழ வண்டிக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

கீழே நின்று வெகுநேரம் பார்த்தேன். அழகான ஒன்றுக்கு நானும் கொஞ்சம் உதவியிருக்கிறேன் என்று ஓர் எண்ணம். இந்த வருடம் எனக்கு அது அடிக்கடி வாய்க்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வெள்ளவத்தையில் காலையிலிருந்து பேய் மழை. கடல் தெரியவில்லை. படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். ஐம்பது மில்லிமீற்றர் என்றால் இருபதாயிரம் லீற்றர். சந்தோஷமாகத் தூங்கினேன்.

நவம்பர் 25, திங்கள்

என்ன மடையன் நான்.

கல்லூரி வாசல் படலையில் சீதை. வெள்ளை ஓவரோல் மெல்லிய ரோஸ் நிறத்தில். "சேர், நேத்து ஊறப் போட்டேன், இப்புடி ஆயிருச்சு. மூணு பேருக்கு. யூனிபோர்ம மாத்திட்டாங்களான்னு பசங்க கேக்குறானுக."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கொடிகள் எல்லாம் வெள்ளை.

நாலு தாங்கியும் ரோஸ். விடுதியின் மேல் தாங்கியும் ரோஸ். குளியலறைக் குழாயைத் திறந்தால் ரோஸ். இருபதாயிரம் லீற்றர் — வெள்ளிக்கிழமை பரிசோதகர் — மழை விட்டுவிட்டது, வானம் நீலம், இனி எப்போது பெய்யும் என்று யாருக்குத் தெரியும்.

பின்வளவில் றேணுகா மிஸ் தாங்கி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் றெஜி, வேலைக்குப் போகாமல்.

"டேய், பீலி உன்ர கண்ணில படேல்லையோ?"

"பீலியிலதானே அக்கா நூலைக் கட்டினனான். அதுதான் நல்ல பிடிமானம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா?

நான் போய், "திறப்புக் குடுத்தது நான்தான் மிஸ்" என்றேன்.

"தெரியும். வேற ஆரிட்ட இருக்கு?"

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை? ஒக்டோபரிலிருந்து பக்கத்தில் நிற்கிறேன். நாடா பிடித்தேன். தம்ளரில் என் விரலைப் பார்த்தேன். முதல் தண்ணீரை ஏன் விடுகிறார்கள் என்று இந்தப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். எழுதினால் மூளைக்குப் போகாதா எனக்கு?

நவம்பர் 26, செவ்வாய்

அதிபரின் அறை. "ஆர் பொறுப்பு? இப்ப சொல்லுங்கோ."

நான் வாயைத் திறக்க முன் றேணுகா மிஸ் சொன்னார். ஒரு வரிசையில், பாடம் எடுக்கிற மாதிரி: "கொடி கட்டினது என்ர தம்பி. திறப்புக் குடுத்தது நவநீ. கைப்பிடியைத் தாங்கிப் பக்கம் விட்டுட்டுப் போனது நான். மூண்டில எது ஒண்டு நடக்காட்டியும் தண்ணி சுத்தமா இருந்திருக்கும்."

காப்பாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. குற்றம் சாட்டப்பட்டதாகவும் தோன்றவில்லை. என் பங்கு அளந்து என் கையில் தரப்பட்டது. யாரும் என்னை இவ்வளவு சரியாக அளந்ததில்லை.

அதிபர் நெற்றியைத் தடவினார். "வாறவரிட்டக் கொண்டிஸ் போட்டது எண்டு சொல்லுவம். கிருமி சாகக் கிணத்துக்குப் போடுற மருந்துதானே, அதுவும் இதே நிறம். ஆர் கேக்கப் போகினம்?"

நல்ல யோசனை. உண்மையாகவே, எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"இல்லை சேர்."

"ஹொஸ்டல் மூடினாப் பரவாயில்லையோ, மிஸ்?"

"கொண்டிஸ் எண்டு எழுதினா நாளைக்கு ஒரு பிள்ளை அந்தத் தண்ணியைக் குடிக்கும். சாயத்தில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. சேருக்குத் தெரியுமோ?"

றேணுகா மிஸ் விடுதிப் பக்கம் கையைக் காட்டினார்.

"ரோஸ் தண்ணியில ஒருத்தரும் குளிக்காயினம். புளஷ் பண்ணலாம். டைல்ஸ் ஒண்டையும் தொடமாட்டன். குழாயைச் சுவருக்கு வெளியால கொண்டுபோய், காத்துப் போற ஓட்டையால உள்ளுக்கு இறக்கிறன். பன்னிரண்டு மலசலகூடம், மூண்டு நாள். தண்ணியை ஊத்தச் சொன்னா இப்பவே ஊத்திறன். ஆனா பிறகு வெறும் தாங்கியைத்தான் காட்ட வேணும்."

அதிபர் யன்னலைப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

"செய்யுங்கோ" என்றார்.

நவம்பர் 27, புதன்

முதலில் மேல் தாங்கியை வடித்துக் கழுவினார்கள். நகரத் தண்ணீர் மட்டும் இனி அங்கே.

நூலகத்தை ஒரு மணிக்கே மூடினேன். ஏணி பிடித்தேன். குழாய் சுமந்தேன். றெஜியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அக்காவும் தம்பியும் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கை நீட்டினால் சரியான சாமான் கைக்கு வந்தது.

எனக்கும் ஒரு மூட்டுத் தந்தார்கள். பசை பூசி, செருகி, கால்சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும் வரை பிடி. மார்க்கர் வந்தது. ந.கி. என்று எழுதினேன். தண்ணீர் விட்டதும் கசிந்தது.

"சேர்ட மூட்டு அழுவுது!" சீதை கத்தினாள். பையன்கள் விசில்.

"வெட்டிப் போட்டுத் திரும்பச் செய்யுங்கோ" என்றார் றேணுகா மிஸ், திரும்பியும் பார்க்காமல்.

இரண்டாவது பிடித்தது.

நவம்பர் 28, வியாழன்

ஒன்பது முடிந்தது. மூன்று மிச்சம். ஒவ்வொரு புளஷ் தாங்கிக்குள்ளும் மணல் நிரப்பிய சோடாப் போத்தல் ஒன்று. அந்தளவு தண்ணீர் ஒவ்வொரு முறையும் மிச்சம்.

முழங்கை வரை பசை. குளித்தும் போகவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

காலை எட்டரைக்குப் பன்னிரண்டாவது. ஒன்பதரைக்குப் பரிசோதகர். குடையோடும் கோப்போடும் மெலிந்த மனிதர். சிங்களத்தில் பேசினார். சிரிக்கிற முகமல்ல.

குளியலறைக் குழாய்களைத் திறந்தார். தெளிவான தண்ணீர், நல்ல வேகம். மலசலகூடங்கள் மேல் தாங்கியிலிருந்து இழுக்காததால் இப்போது கடைசி அறை வரைக்கும் போகிறது. சோதனைக்கு ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டார்.

பிறகு புளஷ் பண்ணினார். ரோஸ். ஒரு நிமிடம் பார்த்தார். மறுபடி பண்ணினார். ரோஸ்.

"மே மொகத, மிஸ்?" இது என்ன என்று கேட்டார்.

அதிபர் தொண்டையைச் செருமினார். றேணுகா மிஸ் முந்திக்கொண்டார். கொடி, தம்பி, திறப்பு, கைப்பிடி — எல்லாவற்றையும் சிங்களத்தில், செவ்வாய்க்கிழமை சொன்ன அதே வரிசையில். சாயம் என்னவென்று தெரியாததால் யாரும் தொடாத இடத்துக்கு மட்டும் விட்டிருப்பதாகவும் சொன்னார். "திறப்பு" வந்த இடத்தில் என்னைக் காட்டினார். நான் ஏன் என்று தெரியாமல் கையை உயர்த்தினேன்.

பரிசோதகர் பேனையை மூடினார். "நான் கொண்டிஸ் என்று நினைத்தேன்" என்றார். "அப்படிச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பேன். இதிலும் ஒரு போத்தல் பிடித்துப் போயிருப்பேன், சோதனையில் பிடிபட்டிருக்கும்."

அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பரிசோதகர் வெளியே வந்து குழாய் வரிசை முழுக்க நடந்தார். மார்க்கர் எழுத்துகளை வாசித்தார். கடைசியில் எழுதியது: பெப்ரவரி முடிவு வரை விடுதி நடக்கலாம். வறட்சி மாதங்களில் ஒரு நாளாவது மலசலகூடம் பூட்டப்பட்டால் அன்றோடு மூடப்படும்.

முப்பத்தெட்டுப் பேருக்கு மூன்று மாதம். பிள்ளைகள் தாளை எட்டி வாசித்தார்கள். ஒருத்தி மட்டும் உட்கார்ந்துவிட்டாள், படியிலேயே.

டிசம்பர் 3, செவ்வாய்

சவேரியார் திருநாள். கொடிகள் பிளாஸ்டிக். கல்லூரிக் கூரையைத் தவிர எல்லாவற்றிலும்.

டிசம்பர் 19, வியாழன்

நல்ல மழை. ரோஸ் வெளிறி வெளிறி இப்போது நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குளியலறைக்கு விடமாட்டேன் என்கிறார் றேணுகா மிஸ். "இப்ப அது புளஷ் பண்ணுற தண்ணி. அதுக்கு ஒரு வேலை இருக்கு."

இரண்டு மாதத்துக்கு முந்திய வாக்குவாதத்தை வென்றுவிட்டார். அதை ஒருவருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. நான்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

பதினாறு நாள் மழையில்லை. இரண்டு தாங்கி முடிந்தது. மூன்றாவது நடக்கிறது. தினமும் தடியை விட்டு அளக்கிறார்கள், முறைப்படி. கதவில் எழுதிப் போடுகிறார்கள். காலையில் ரயிலை விட்டிறங்கியதும் எனக்கு அந்த எண்தான் வேண்டும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

நாலாவதில் முழங்கையளவு. பிள்ளைகள் புளஷ் பண்ணக் குளித்த தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

றேணுகா மிஸ் மெலிந்துவிட்டார். "பயமா இருக்கோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஓம்" என்றார். "நல்லாவே."

அவர் பயப்படுவார் என்று ஏன் நான் நினைத்திருக்கவில்லை?

பெப்ரவரி 14, வெள்ளி

நாலு மணிக்கு இருபத்தைந்து நிமிட மழை. சீதை முதல் பத்து நிமிடத்தைக் காணுக்குள் விட்டாள். வெறுமையான தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே, தம்ளரைப் பிடித்துக்கொண்டே, விட்டாள். றேணுகா மிஸ் தடுக்கவில்லை.

மிச்சத்தில் நாலாயிரத்து முந்நூறு லீற்றர்.

பெப்ரவரி 28, வெள்ளி

பரிசோதகர் வந்தார். கதவிலிருந்த எண்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். கையெழுத்துப் போட்டார். தேநீர் வேண்டாமென்றார். ஒரு நாளும் பூட்டவில்லை.

மார்ச் 10, திங்கள்

விடுதி மேற்பார்வையாளர் றஞ்சிதம் அம்மா அதிபருக்கு ஒரு முறைப்பாடு எழுதியிருக்கிறார். பிரதியொன்று தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டுமாம். ஆங்கிலத்தில் தட்டித் தரச் சொல்லி என்னிடம் வந்தது.

'பிள்ளைகள் குளிக்கப் போனால் அரை மணித்தியாலமாகியும் வெளியே வருகிறார்களில்லை. உள்ளே நின்று பாட்டுப் பாடுகிறார்கள். கதவைத் தட்டினால் கேட்காத மாதிரி இருக்கிறார்கள். தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்.'

பட்டறைக்குக் கொண்டுபோய் றேணுகா மிஸ்ஸிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை, உதடு அசைய.

"அரை மணித்தியாலம் கூடத்தான்" என்றார். "ஒரு நோட்டீஸ் போட வேணும்."

பிறகு கடிதத்தைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நவநீ, இதில எனக்கு ஒரு கொப்பி எடுத்துத் தாறீங்களோ?"